கிணற்றடியில் கற்ற பாடம்

காண்டாவனம் தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணத்தில் பேச்சுக்கு வேறு பொருள் வேண்டுவதில்லை. சந்தையிலும், கோயில் வீதியிலும், கல்லூரியின் ஆசிரியர் அறையிலும் வெய்யிலைப் பற்றியே பேச்சு. நம் பாட்டன்மார் மண்சுவரும் பனையோலைக் கூரையும் அகன்ற திண்ணையும் அமைத்து, முற்றத்தில் வேம்பும் வளர்த்து இவ்வெப்பத்தைச் சமாளித்தார்கள். நாமோ சீமெந்தும் கொங்கிறீற்றும் கொண்டு வீடு கட்டினோம். அவை பகல் முழுவதும் வெப்பத்தை உண்டு, இரவு முழுவதும் அதனை உமிழ்கின்றன. ஆகவே, முன்னொரு காலத்தில் வங்கிகளிலும் பெரிய விடுதிகளிலும் மாத்திரம் காணப்பட்ட வளிச்சீராக்கி, ‘ஏசி’ என்னும் சுருக்கப் பெயருடன், இன்று நடுத்தரக் குடும்பத்து வீட்டுச் சுவர்களிலும் ஏறிவிட்டது.

அது ஏறியதை நான் குறைகூற வரவில்லை. முதியோரும் நோயாளரும் குழந்தைகளும் வெப்பத்தாற் படும் துன்பம் சிறிதன்று. ஆனால், ஏசி வாங்கும்போது நாம் பார்ப்பவை எவை? விலை என்ன, எத்தனை ஆண்டு உத்தரவாதம், மாதம் எவ்வளவு மின்கட்டணம் வரும் என்பனவே. அறையினுள்ளே தொங்கும் வெள்ளைப் பெட்டியை ஆசையோடு பார்க்கிறோம். வீட்டுக்கு வெளியே வெய்யிலிலும் மழையிலும் நிற்கும் மற்றப் பெட்டியையும், அதற்குச் செல்லும் கம்பியையும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. உண்மையில், வேலை முழுவதும் நடப்பது அங்கேதான். ஆபத்து ஒளிந்திருப்பதும் அங்கேதான்.

இதனைப் புத்தகத்தைப் பார்த்து எழுதவில்லை. என் வீட்டில் நிகழ்ந்ததைக் கொண்டே எழுதுகிறேன். பௌதிகம் படிப்பிக்கும் ஒருவர் வீட்டில் இப்படியும் நடக்குமா என்று வாசகர்கள் நகைக்கலாம். நகைத்தபின் தங்கள் வீட்டுப் பெட்டியையும் ஒருமுறை சென்று பார்ப்பார்களாயின், அதுவே எனக்குப் போதும்.

வெப்பத்தை இறைக்கும் துலா

முதலில், இந்த இயந்திரம் செய்யும் தொழிலைச் சிறிது அறிந்துகொள்வோம். ஏசி குளிரை உண்டாக்குகிறது என்று நாம் சொல்லுகிறோம். குளிர் என்று தனியாக ஒரு பொருள் இல்லை. அறையிலுள்ள வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுவதுதான் அதன் தொழில்.

நம் தோட்டக் கிணறுகளில் இருந்த துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் தானாக ஏறாது. துலா மிதிக்க ஆள் வேண்டும். அவ்வாறே வெப்பமும் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குத் தானாகச் செல்லாது. வெளிப்பெட்டியினுள் இருக்கும் கொம்பிரசர் என்னும் அமுக்கியே துலா மிதிக்கும் ஆள். செம்புக் குழாயில் ஓடும் குளிரூட்டும் வாயுவே பட்டை. அது அறையினுள்ளே ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுகிறது. மண்பானையிற் கசியும் நீர் ஆவியாகும்போது பானைத் தண்ணீர் குளிர்வதும் இந்த நியதியாலேயே. பின்பு அவ்வாயு வெளியே சென்று, அமுக்கப்பட்டு, மீண்டும் திரவமாகி, கொண்டுவந்த வெப்பத்தைக் காற்றிற் கொட்டிவிடுகிறது. குளிர்நாட்டார் இதே துலாவைத் திருப்பிப் பூட்டி, வெளியேயுள்ள வெப்பத்தை வீட்டினுள் இறைத்துக்கொள்கின்றனர். அதற்கு வெப்பப் பம்பி என்று பெயர்.

இந்த இயந்திரம் பிறந்த கதையும் சுவையானது. அமெரிக்காவில் புரூக்ளின் நகரத்து அச்சகமொன்றில், காற்றின் ஈரம் மாறுந்தோறும் கடதாசி நீண்டும் சுருங்கியும் வண்ணங்கள் ஒன்றன்மேலொன்று பொருந்தாமற் போயின. அவ்விடரைத் தீர்க்க 1902 ஆம் ஆண்டில் வில்லிஸ் கரியர் என்னும் இளம் பொறியியலாளர் வகுத்த அமைப்பே இன்றைய வளிச்சீராக்கிக்கு முன்னோடி. மனிதர் சுகத்துக்காகவன்றிக் கடதாசியின் சுகத்துக்காகவே அது முதலில் அமைக்கப்பட்டது.

கடைக்காரர் ‘ஒரு ரொன் ஏசி’ என்று சொல்வது பெட்டியின் நிறையை அன்று. 2,000 இறாத்தல் பனிக்கட்டியை ஒரு நாள் முழுவதும் உருகவிட்டால் அது எந்த வேகத்தில் வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகமே ஒரு ரொன். இக்கால அளவிற் சொன்னால் ஏறத்தாழ 3.5 கிலோவாற்று. அவ்வளவு வெப்பத்தை இறைக்க ஏறத்தாழ 1 கிலோவாற்று மின்சாரம் போதும். நமது 230 வோல்ற்று மின்வழங்கலில் அது 5 அம்பியர் அளவான ஓட்டம். இது பெரிதன்று என்று தோன்றும். ஆனால், 10 வாற்று மின்குமிழ்கள் நூறு, இரவு முழுவதும் ஒரே கம்பியில் எரிவதற்கு இது சமம் என்பதை மறத்தலாகாது.

நடந்தது இதுதான்

என் தாயாருக்கு வயது எழுபத்தாறு. வெப்பம் மிகுந்த இரவுகளில் அவர் நித்திரையின்றி விறாந்தைக்கும் அறைக்குமாக நடப்பதைப் பார்த்து மனம் பொறாது, சென்ற ஆண்டு சித்திரை மாதம் அவருடைய அறைக்கு ஒரு ரொன் ஏசி பூட்டுவித்தேன். இரண்டு இளைஞர்கள் காலை பத்து மணிக்கு வந்தார்கள். பகல் இரண்டு மணிக்குள் வேலையை முடித்துச் சென்றுவிட்டார்கள். அன்றிரவு அம்மா நிம்மதியாக உறங்கினார். எனக்கும் ஒரு கடன் தீர்த்த மகிழ்ச்சி.

வைகாசியில் இடியுடன் ஒரு மழை பெய்தது. ‘ட்ரிப் சுவிச்’ என்று நாம் வழங்கும் மீதி ஓட்டச் சுற்றுடைப்பான் விழுந்து வீடு இருண்டது. அதனைத் தூக்கிவிட்டேன், மீண்டும் விழுந்தது. மழை விட்டு, வெய்யில் ஏறி, சுவர் காய்ந்த பின்பே நிலைத்து நின்றது. அடுத்த மழைக்கும் அவ்வாறே. குளிர்ப்பெட்டியிற் பால் கெட்டது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை முணுமுணுத்தாள். நான் பொருத்தியவரை அழைத்து, “தம்பி, மழை பெய்தால் ட்ரிப் விழுகுது. விழாத மாதிரி ஒரு வழி செய்து தாரும்” என்றேன். அவரும் அரை மணி நேரத்தில் ஒரு வழி செய்து தந்தார். அதன்பின் அது விழவேயில்லை.

வாசகர்கள் இங்கே சிறிது நிற்க வேண்டும். “ஏன் விழுகிறது என்று பாரும்” என்று நான் கேட்கவில்லை. “விழாத மாதிரிச் செய்யும்” என்றே கேட்டேன். கேட்டதை அவர் செய்தார். முதற் பிழை என்னுடையது.

ஆனியும் ஆடியும் ஆவணியும் வறட்சியிற் கழிந்தன. புரட்டாதிக் கடைசியில் ஒரு மாலை நல்ல மழை. மறுநாட் காலை அம்மா முகம் கழுவக் கிணற்றடிக்குச் சென்றார். நீர் இறைக்கும் மோட்டரின் உடலிற் கை பட்டதும் திடுக்கிட்டுக் கையை உதறினார். “தம்பி, மோட்டர் கையைக் கடிக்குது” என்று என்னிடம் வந்து சொன்னார்.

நான் சென்று தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் காலில் இறப்பர்ச் செருப்பு இருந்தது. அம்மாவோ வெறுங்காலுடன் ஈரத்தில் நின்றவர். இந்த வேற்றுமை எனக்குத் தெரியாததன்று. ஆனாலும், கல்லூரிக்கு நேரமாயிற்று என்ற அவசரத்தில், “வயது போனால் நரம்பு அப்படித்தான் அம்மா” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். அந்த வார்த்தையை இப்போது எழுதும்போதும் வெட்கமாயிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை, உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவிற் கற்கும் மாணவன் ஒருவன் என்னிடம் சந்தேகம் கேட்க வந்தான். தேநீர் கொண்டுவந்த அம்மா, பேச்சோடு பேச்சாக மோட்டர் கடித்த கதையையும் அவனுக்குச் சொன்னார். பையன் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

“சேர், மோட்டரை ஒருத்தரும் தொடாதேங்கோ. முதலிலே மெயினை நிற்பாட்டுங்கோ.”

நிறுத்தினோம். அவன் பரம்பற் பெட்டியின் முன்னால் நின்று சிறிது நேரம் பார்த்தான். ஒன்றையும் தொடவில்லை. பின்பு, “சேர், இந்த வயர் ஏன் ட்ரிப்புக்கு முன்னாலே இருந்து வெளிக்கிடுது? இது எங்கை போகுது?” என்று கேட்டான்.

அந்த வயரைக் கண்ணாற் பின்தொடர்ந்தோம். அது அம்மாவின் அறைக்குச் சென்று, சுவரைத் துளைத்து, வெளிப்பெட்டியில் முடிந்தது. ஏசிக்குரிய மின்சாரம் காவலனைக் கடந்து செல்லாமல், காவலனுக்கு முன்னாலேயே பிரிந்து சென்றுகொண்டிருந்தது. அரை மணி நேரத்திற் செய்து தரப்பட்ட ‘வழி’ அதுவே. அந்தச் சுற்றின் படத்தை எத்தனையோ முறை கரும்பலகையில் வரைந்து, பிழையைக் கண்டுபிடிக்குமாறு மாணவரைக் கேட்டவன் நான். என் வீட்டுச் சுவரில் இருந்த பிழையை என் மாணவனே எனக்குக் காட்டவேண்டியதாயிற்று.

மோட்டர் ஏன் கடித்தது?

அன்று மாலையே அனுமதிப்பத்திரம் பெற்ற மின்தொழில் வல்லுநர் ஒருவரை அழைத்தோம். வெளிப்பெட்டியின் அருகே சுவரிற் பொருத்தியிருந்த சிறிய ஆளிப் பெட்டியை அவர் திறந்தார். கம்பிக்குரிய துளை பெட்டியின் மேற்பக்கத்தில் இருந்தது. கூரையோட்டிலிருந்து வழிந்த மழைநீர், கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே இறங்கியிருந்தது. செம்பு முனைகளிற் பச்சை பூத்திருந்தது. உயிர்க்கம்பியின் முனைக்கும் புவிக்கம்பியின் முனைக்கும் இடையே ஈரமும் அழுக்கும் சேர்ந்து ஒரு பாலம் அமைத்திருந்தன. வைகாசியில் ட்ரிப் விழுந்தது இந்தப் பாலத்தைக் கண்டுதான். அது நமக்குத் தொல்லை தரவில்லை, சேதி சொன்னது. நான் சேதி கொண்டுவந்தவனின் வாயைக் கட்டிவிட்டேன்.

ஆனால், பிழை ஏசியில் இருக்க, கிணற்றடி மோட்டர் ஏன் கடிக்க வேண்டும்? மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

வீட்டிலுள்ள ஏசி, குளிர்ப்பெட்டி, சலவை இயந்திரம், நீர் மோட்டர் ஆகிய எல்லாவற்றின் உலோக உடல்களும் புவிக்கம்பியால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, இறுதியில் நிலத்தில் அறைந்த ஒரே கோலிற் சென்று சேர்கின்றன. அக்கோலுக்கும் பூமிக்கும் இடையே ஒரு தடை உண்டு. அது சிறிதாயிருந்தால் கசியும் மின் எளிதாகப் பூமியிற் கலந்துவிடும். நம் குடாநாட்டிலோ சிறிது தோண்டினாற் சுண்ணக்கல் தட்டும். கோல் ஆழமாக இறங்காது. மேல்மண்ணும் கோடையில் உலர்ந்து கிடக்கும். எங்கள் வீட்டுக் கோலின் தடையைக் கருவிகொண்டு அளந்தபோது 60 ஓம் இருந்தது. கசிவு இருக்கையில் மோட்டரின் உடலுக்கும் பூமிக்கும் இடையே இருந்த அழுத்தம் 40 வோல்ற்று.

கணக்கைச் செய்துபாருங்கள். நாற்பதை அறுபதால் வகுத்தால் ஓர் அம்பியரில் மூன்றில் இரண்டு பங்கு. அதாவது 670 மில்லிஅம்பியர் அளவு. வீட்டு ட்ரிப் சுவிச்சு 30 மில்லிஅம்பியர் கசிந்தாலே விழுமாறு அமைக்கப்பட்டது. வாயிலில் நின்று, வெளியே சென்றவர் எத்தனைபேர், திரும்பி வந்தவர் எத்தனைபேர் என்று எண்ணும் காவற்காரனைப் போல, உயிர்க்கம்பியாற் சென்ற மின்னோட்டத்தையும் நொதுமற் கம்பியால் மீண்ட மின்னோட்டத்தையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். முப்பது குறைந்தாற் கதவைச் சாத்துபவனுக்கு அறுநூற்றெழுபது குறைந்தது தெரியாமற் போகுமா? தெரியும், ஆனால், நாம் அவனுடைய வாயிலால் அந்த ஓட்டத்தை அனுப்பவில்லையே!

ஏசிக்கென்று 20 அம்பியர் நுண்சுற்றுடைப்பான் ஒன்று இருந்தது. அது ஏன் விழவில்லை என்று சிலர் கேட்கலாம். அதன் தொழில் வேறு. கம்பி தாங்கமுடியாத பெரும் ஓட்டம் வந்தால் மாத்திரமே அது விழும். முக்கால் அம்பியருக்கும் குறைந்த கசிவு அதற்குத் தூசு. இன்னும் கேளுங்கள். ஈரப் பாலத்துக்குப் பதிலாக உயிர்க்கம்பியே நேராக உலோக உடலைத் தொட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? 230 வோல்ற்றை 60 ஓமால் வகுத்தால் 4 அம்பியர்கூட வராது. அப்போதும் அந்தச் சுற்றுடைப்பான் அசையாது. ஆனால், மோட்டர், குளிர்ப்பெட்டி, சலவை இயந்திரம் எல்லாவற்றின் உடலும் ஏறத்தாழ 230 வோல்ற்றில் நின்றுகொண்டிருக்கும். ஈரமான மனித உடலின் தடையை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொள்வது வழக்கம். வெறுங்காலுடன் ஈரத்தில் நின்று தொடுபவரின் நெஞ்சினூடாக அப்போது 200 மில்லிஅம்பியருக்கு மேல் ஓடும். இதயத்தின் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு பகுதியே போதும். என் தாயாரை அன்று காத்தது என் படிப்பன்று; அந்தப் பாலம் இன்னும் முற்றாகக் கட்டப்படாமல் இருந்ததே.

20 அம்பியர் சுற்றுடைப்பானைக் கண நேரத்தில் விழச்செய்ய 100 அம்பியர் அளவிலேனும் ஓட்டம் வேண்டும். அதற்குக் கோலின் தடை 2 ஓம் அளவுக்கு இறங்கவேண்டும். நம் கல்நிலத்தில் அது அரிது. ஆகவேதான், தத்தம் கோலை நம்பியிருக்கும் நம் வீடுகளில் ட்ரிப் சுவிச்சு ஆடம்பரம் அன்று, அதுவே உயிர்வேலி.

வேறொரு தந்திரமும் நாட்டில் உண்டு. ட்ரிப் விழாதிருக்கப் புவிக்கம்பியையே வெட்டிவிடுவர். கசிவுக்கு வழியடைபட, ட்ரிப்பும் விழாது. ஆனால், மின் எங்கும் போய்விடவில்லை. பெட்டியின் உடலில் ஏறி, வழி தேடிக் காத்துக்கொண்டிருக்கும். முதலிற் சென்று தொடுபவரே அதற்குப் புவிக்கம்பி ஆவார்.

எவ்வாறு அமைதல் வேண்டும்?

இனி, செம்மையான அமைப்பு யாது என்பதைக் காண்போம். இவ்வேலையை வாசகர்கள் தாமே செய்ய வேண்டும் என்பதற்காக இதனைச் சொல்லவில்லை. அனுமதி பெற்ற வல்லுநரே செய்யவேண்டும். ஆனால், செய்தது சரியா என்று பார்க்கும் கண் வீட்டாருக்கு இருத்தல் அவசியம்.

முதலாவது, ஏசிக்குப் பரம்பற் பெட்டியிலிருந்து தனிச் சுற்று வேண்டும். சுவரிலுள்ள பிளக்கிலோ, பல பிளக்குகள் செருகும் நீட்டு வயரிலோ அதனைப் பொருத்தலாகாது. அத்தனிச் சுற்று 30 மில்லிஅம்பியர்க் காவலைக் கடந்தே செல்லவேண்டும். ஏசிக்கென்றே தனிக் காவல் ஒன்று வைத்துவிட்டால், அதிற் கசிவு ஏற்படும்போது அது மாத்திரம் நிற்கும், வீடு இருளாது. ‘இன்வேட்டர்’ வகை ஏசிக்கு, ‘ஏ’ வகை என்று குறிக்கப்பட்ட காவற்கருவி பொருத்தமானது. பழைய வகை சில கசிவுகளை அறியமாட்டாது.

இரண்டாவது, கம்பியின் பருமன். கடைகளில் 7/0.67 என்று விற்பது 2.5 சதுர மில்லிமீற்றர்ச் செம்பு, 7/0.85 என்பது 4 சதுர மில்லிமீற்றர். எது வேண்டும், எத்தனை அம்பியர்ச் சுற்றுடைப்பான் வேண்டும் என்பவற்றை ஏசியோடு வரும் கைந்நூலிலும் வெளிப்பெட்டியின் தகட்டிலும் எழுதியிருப்பார்கள். அதற்குக் குறைந்த பருமனை ஒப்புக்கொள்ளாதீர்கள். சுற்றுடைப்பான் அடிக்கடி விழுகிறதென்று அதைவிடப் பெரியதை மாட்டுவது பெருந்தவறு. அது கம்பியைக் காக்க வைத்தது; பெரியதை வைத்தாற் கம்பியே உருகியாகிவிடும்.

முனைகள் இறுக்கமாயிருப்பதும் முக்கியம். தளர்ந்த ஓர் இணைப்பில் அரை ஓம் தடை இருந்தாற்கூட, 5 அம்பியர் ஓடும்போது அவ்விடத்தில் 12.5 வாற்று வெப்பம் பிறக்கும். ஒரு புளியங்கொட்டை அளவான இடத்தில் இரவு முழுவதும் அவ்வெப்பம் பிறந்தாற் பிளாத்திக்கு கருகாமல் என்ன செய்யும்? வீடுகளில் இரவில் மூளும் மின்தீக்கள் பலவற்றின் மூலம் இத்தகைய தளர்ந்த இணைப்பே.

மூன்றாவது, வெளிப்பெட்டியின் அருகே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில், உயிர்க்கம்பியையும் நொதுமற் கம்பியையும் ஒருங்கே துண்டிக்கும் தனியாக்கி ஆளி ஒன்று வேண்டும். அது மழைக்குத் தாங்கும் பெட்டியில் இருக்கவேண்டும். கம்பி அதன் கீழ்ப்பக்கத்தாலேயே நுழையவேண்டும். நுழைவதற்கு முன் கம்பியைச் சிறிது கீழே தொங்கவிட்டு மேலே வளைத்தால், வழிந்துவரும் நீர் அந்த வளைவிற் சொட்டிவிடும், உள்ளே ஏறாது. செலவில்லாத இந்தச் சிறு வளைவு என் வீட்டில் இருந்திருந்தால் இக்கட்டுரைக்கே இடமிருந்திராது. வெய்யிலில் வெறுங்கம்பியின் உறை வெடித்துவிடுமாதலால் தகுந்த குழாயினுள்ளே அது செல்லவேண்டும். உட்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் இடைப்பட்ட கம்பியில் ஒட்டுப் போடலாகாது.

நான்காவது, பச்சையும் மஞ்சளும் கலந்த புவிக்கம்பி வெளிப்பெட்டியின் உலோக உடலிற் சுத்தமாகவும் இறுக்கமாகவும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். கோலின் தடையை அளந்து சொல்லுமாறு வல்லுநரைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் வேறிடத்தில் ஆழமாகக் கோல் இறக்கித் தடையைக் குறைத்தோம்.

ஐந்தாவது, இடம். காற்று தடையின்றி ஓடும் நிழலான இடமே வெளிப்பெட்டிக்கு ஏற்றது. கொட்டிய வெப்பத்தை மீண்டும் தானே அள்ளும்படி மூலையில் அடைத்துவைத்தால் கட்டணமும் ஏறும். கொம்பிரசரின் ஆயுளும் குறையும். கடற்காற்று வீசும் நம் ஊர்களில் உப்பு இரும்பைத் தின்னுமாதலால், தாங்கும் சட்டங்கள் துத்தநாகம் பூசியனவாகவோ துருவேறா உருக்காகவோ இருத்தல் நலம். அச்சட்டத்தில் உடுப்புக் காயவிடும் கொடியைக் கட்டாதீர்கள். ஈரத் துணியும், ஈரக் கையும், மின்பெட்டியும் ஓரிடத்திற் சேரவேண்டியதில்லை.

மின்னுக்கு அப்பாலும் சில

குளிரூட்டும் வாயுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெடுங்காலம் பயன்பட்ட ஆர்-22 என்னும் வாயு ஓசோன் படலத்துக்குத் தீங்கு செய்வது. 1987 ஆம் ஆண்டில் உருவான மொன்றியல் உடன்படிக்கையின் வழியில் உலக நாடுகள் அத்தகைய வாயுக்களைப் படிப்படியாக ஒதுக்கி வருகின்றன. அதற்குப் பதிலாக வந்த ஆர்-410ஏ, ஆர்-32 என்பன அதனிலும் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட அமுக்கத்தில் ஓடுவன. ஆர்-32 சிறிதளவு தீப்பற்றும் இயல்பும் உடையது. ஆகவே, பழைய கருவிகளைக் கொண்டு புதிய ஏசியிற் கைவைப்பவரை நம்பாதீர்கள். குழாயில் ஒழுக்கு உண்டா என்று பார்க்க நைதரசன் வாயுவையே ஏற்றவேண்டும். சிலிண்டர் கைக்கு எட்டியதென்று ஒட்சிசனை ஏற்றினால், அது கொம்பிரசர் எண்ணெயோடு கலந்து வெடிக்கும். இதனால் உயிரிழந்தோரும் உண்டு.

ஆளியை நிறுத்தியவுடன் ஆபத்து நீங்கிவிட்டதென்றும் எண்ணலாகாது. வெளிப்பெட்டியினுள் கொள்ளளவிகள் உண்டு. மின்னை நிறுத்திய பின்னும் அவை சில நிமிடம் மின்னேற்றத்தைத் தம்முள் வைத்திருக்கும். மூடியைத் திறக்கும் வேலை வல்லுநருக்கே உரியது. சிறுவர்கள் ‘உள்ளே என்ன இருக்கிறது பார்ப்போம்’ என்று திருப்புளியோடு செல்வதைத் தடுத்துவிடுங்கள். அந்த ஆவல் நல்லது; அதற்குரிய இடம் கல்லூரி ஆய்வுகூடம்.

வீட்டார் செய்யக்கூடியது மிக எளிது. ட்ரிப் சுவிச்சில் ஒரு சிறிய சோதனைப் பொத்தான் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் அதனை அழுத்துங்கள். உடனே விழுந்தாற் காவலன் விழித்திருக்கிறான். விழாவிட்டால் அன்றே ஆள் அழையுங்கள். மழைக்காலத்துக்கு முன் வெளிப்பெட்டியையும் அதன் கம்பியையும் தொடாமற் பாருங்கள். உறை வெடித்திருக்கிறதா, கருகல் மணம் உண்டா, பெட்டியின் மூடி இறுகியிருக்கிறதா என்பவற்றைக் காணக் கண்ணும் மூக்கும் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் எவரேனும், சிறு குழந்தையாயினும் முதியவராயினும், ‘கை கூசுகிறது’ என்று சொன்னால் அதை நரம்பின்மேலும் வயதின்மேலும் போட்டுவிடாதீர்கள். முதலில் மெயினை நிறுத்துங்கள். பிறகு பேசுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஏசிக்குத் தனிக் காவல் இருக்கிறது. தனியாக்கிப் பெட்டியின் மேற்துளை அடைபட்டு, கம்பி கீழாலே நுழைகிறது. கார்த்திகை மழை முழுவதும் கழிந்தது. அந்தச் சுவிச்சு ஒருமுறை மாத்திரமே விழுந்தது. அதுவும் நான் சோதனைப் பொத்தானை அழுத்தியபோது. அது விழும் ஓசையைக் கேட்டு இவ்வளவு மகிழ்ச்சி அடைவேன் என்று முன்பு எவரும் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

அம்மா அந்த மாணவனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. “மோட்டரைப் பார்த்த பிள்ளை வந்திருக்கிறான், தம்பி” என்றே எனக்கு அறிவிப்பார். தேநீரோடு இப்போது பலகாரமும் வருகிறது. நான் வகுப்பிற் புவிக்கம்பியைப் பற்றிக் கற்பிக்கும்போது, பழைய படத்தை வரைந்து முடித்தபின், என் வீட்டுக் கதையையும் ஒளிக்காமற் சொல்லுகிறேன். படத்தை மறக்கும் மாணவரும் அந்தக் கதையை மறப்பதில்லை.